ஒன்றும் நடக்காத பத்து வினாடி

எந்தப் பொருளை வாங்கினாலும் பெட்டியின் அடியில் ஒரு சின்னப் புத்தகம் கிடக்கும். தெர்மோகோலோடு சேர்த்து அதையும் தூக்கி எறிகிறவர்கள்தான் உலகத்தில் முக்கால்வாசிப் பேர். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பிரித்தால் தண்ணீரில் போடாதே, நெருப்பில் போடாதே, வாயில் போடாதே என்று பக்கம் பக்கமாக ஒரே மிரட்டலாக இருக்கும். அதைத் தாண்டி வந்தால் 'மேற்காணும் பொத்தானை இயக்குவதன் வாயிலாக இயக்கத்தை உறுதிசெய்யவும்' என்று ஒரு வாக்கியம் விறைத்துக்கொண்டு நிற்கும். எந்தப் பொத்தான், எவ்வளவு நேரம், அழுத்தினால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்கக் கூடாது. தெரிந்தவர்கள் தெரிந்தவர்களுக்காக எழுதி வைத்தது அது. தெரியாதவன் கையில் கிடைத்தால் அவன் பாடு.

அந்த மாதிரிப் புத்தகங்களை எழுதுவதுதான் சின்னவளுக்கு வேலை. வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் அக்கா, இவள் சின்னவள். மருத்துவக் கருவிகள் செய்கிற கம்பெனி ஒன்றில், எந்தக் கருவி வந்தாலும் அதை எப்படிப் பிடிப்பது, எங்கே அழுத்துவது, எப்படித் துடைத்து வைப்பது என்று எழுதித் தருகிறவள். அதனால் அப்பா அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'கையேடு'. ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும், கையேடு வந்தாச்சா, அந்த ரிமோட்டை வந்து என்னன்னு கேக்கச் சொல்லு என்று.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும், சின்னவள் நன்றாகவே எழுதுவாள். எழுதி முடித்ததும் கருவியையும் காகிதத்தையும் கணக்குப் பிரிவில் யாரிடமாவது கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்பாள். படிக்கிறவர் கை எங்கே தயங்குகிறதோ அங்கே தன் வாக்கியம் சரியில்லை என்று அர்த்தம். திரும்பப் போய் மாற்றி எழுதுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று அலுவலகத்தில் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்காகக் கம்பெனி புதிதாக ஓர் இன்சுலின் பேனா கொண்டுவந்தபோது அவள்தான் கையேடு எழுதினாள். பழைய பேனாக்களில் கட்டைவிரலால் அழுத்தி மருந்தைத் தள்ள வேண்டும். வயதானவர்களுக்கு விரல் வலிக்கும், கை நடுங்கும். இதில் அந்த வேலையே இல்லை. அளவைத் திருகி வைத்து, வயிற்றுத் தோலில் ஊசியைக் குத்தி, பொத்தானைத் தொட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம். உள்ளே இருக்கிற ஸ்பிரிங் மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கும். முழுக்க இறங்கியதும் இன்னொரு 'டிக்'. இரண்டு சத்தத்துக்கும் நடுவில் பத்து வினாடி. இரண்டாவது சத்தம் கேட்கும்வரை ஊசியை எடுக்காதீர்கள், மெதுவாகப் பத்து எண்ணுங்கள் என்று தடித்த எழுத்தில் எழுதியிருந்தாள். அப்புறம் புத்தகத்தை யார் படிக்கிறார்கள் என்று கம்பெனி ஒரு வீடியோவும் எடுக்கச் சொன்னது. அதையும் கூட நின்று எடுத்துக் கொடுத்தாள். பேனாப் பெட்டியின் மூடியில் இருக்கிற கியூஆர் கட்டத்தைப் போனுக்குக் காட்டினால் வீடியோ ஓடும்.

அப்பாவுக்கு இன்சுலின் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அந்தப் பேனாவைத்தான் வாங்கினார்கள். அப்பா அக்கா வீட்டில் இருந்தார். அக்கா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், எதையும் ஒருமுறை பார்த்தால் பிடித்துக்கொள்வாள். தங்கை எடுத்த வீடியோவை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள், மறுநாளிலிருந்து காலையில் ஊசி போடுவது அவள் வேலையாயிற்று. பக்கத்து வீட்டுக்காரிகளிடம் எல்லாம் என் தங்கச்சி எடுத்த படம் என்று போனைக் காட்டினாளாம். சின்னவள் நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல்தான் வருவாள், ஊசி போடுகிற நேரத்தில் அவள் அங்கே இருந்ததே இல்லை.

ஊசி போட ஆரம்பித்தும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். அப்போதும் பெரிதாக இறங்கவில்லை. மறுபடி கூட்டினார். மூன்றாவது முறை போனபோது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பெரியவர் ஒளிச்சு வச்சு இனிப்பு சாப்பிடறாரான்னு பாருங்க என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சர்க்கரை டப்பா அலமாரிக்குள் போய்ப் பூட்டு விழுந்தது. அப்பாவின் சட்டைப் பையிலும் தலையணைக்கு அடியிலும் அக்கா தேட ஆரம்பித்தாள். நான் எதையும் எடுக்கலம்மா என்று அப்பா மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னார். யாரும் நம்பவில்லை. சின்னவளும் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே உட்கார்ந்து, கண் போய்விடும், கால் போய்விடும், இந்த வயசில் நாக்குக்கு அடிமையா என்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் அவளைக் கையேடு என்று கூப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போது அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து பயிற்சி என்று வெளியூர் அனுப்பினார்கள். சின்னவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கிளம்புவதற்கு முன்னால் அக்கா அளவை ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள், உனக்கு நான் சொல்லித் தரணுமா, நீதானே புத்தகமே எழுதினவ என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை சின்னவள் அப்பாவுக்கு ஊசி போட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அளவைத் திருகிவிட்டுச் சீட்டோடு இரண்டு முறை ஒப்பிட்டாள். குத்தினாள். டிக். மனசுக்குள் மெதுவாகப் பத்து எண்ணினாள். டிக். ஊசியை எடுத்தாள். அப்பா குனிந்து வயிற்றைப் பார்த்தார். என்ன, ஈரமே இல்ல, உங்க அக்கா போட்டா பஞ்சு நனைஞ்சிடும் என்றார். அவர் தன்னோடு பேசியதே பெரிது என்று இருந்த சின்னவளுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. என் கை ராசி அப்பா என்றாள். சாப்பிட வைத்தாள். பேப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட பொத்தானைக் கழற்றினார், மறுபடி வேறு ஓட்டையில் மாட்டினார், மறுபடி கழற்றினார். எங்கேப்பா கிளம்பறீங்க என்று கேட்டதற்கு அவர் சொன்னது ஒன்றும் புரியவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை கழுத்துக்கு வழிந்து காலர் நனைந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள், உடம்பு சில்லென்று இருந்தது. சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று அவளே எழுதியிருக்கிறாள், படத்தோடு. ஏறிக்கொண்டே இருந்த சர்க்கரை எப்படி இறங்கும் என்று யோசிக்க நேரமில்லை. அலமாரிச் சாவி எங்கே என்று தெரியவில்லை. பூட்டை இழுத்தாள், வரவில்லை. கையில் கிடைத்த குழவியால் இரண்டு போடு போட்டதில் கொக்கி பெயர்ந்து வந்தது. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அப்பா தம்ளரைத் தள்ளிவிட்டார். பாதி அவள் மேலேயே கொட்டியது.

"நான் எடுக்கல" என்றார். நாக்கு குழறியது. "அக்கா கிட்ட சொல்லு. நான் எடுக்கலன்னு சொல்லு."

"அப்பா, நான் தரேன்ப்பா. குடிங்க. யாரும் திட்ட மாட்டாங்க. குடிங்கப்பா."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். திருடன் என்று பெயர் வாங்கின மனுஷன், நினைவு தப்புகிற நேரத்திலும் அந்தச் சர்க்கரையைத் தொட மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவர் தாடையைப் பிடித்து இரண்டு வாய் இறக்குவதற்குள் சின்னவள் அழுதேவிட்டாள். மூன்றாவது வாய் உள்ளே போவதற்குள் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மயங்கினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்துவிட்டார், ஆனால் ராத்திரி இங்கேதான் இருக்க வேண்டும், இன்னொரு தடவை இப்படி இறங்கினால் மூளைக்கு ஆபத்து என்று பணியில் இருந்த டாக்டர் சொன்னார். அவர் பேனாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவு சரியாத்தான் வச்சீங்களா என்று கேட்டார். சரியாகத்தான் வைத்தேன் என்றாள். இரண்டு தடவை போட்டுட்டீங்களா என்று கேட்டார். இல்லை என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காலையில் நடந்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். கை கழுவினேன், திருகினேன், ஒப்பிட்டேன். ஒருவேளை துணி துவைக்கப் போகும் முன் மறந்துபோய் மறுபடி போட்டேனோ? போடவில்லை. நிச்சயமா? நிச்சயம் என்று சொல்ல முடியவில்லை. நினைக்க நினைக்க நடக்காததெல்லாம் நடந்தது போலத் தோன்றியது.

அக்காவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னாள். அக்கா சொன்னது இவ்வளவுதான்.

"இத்தனை வாரமா நான் போடறேன், ஒண்ணும் ஆகல. நீ ஒரு நாள் போட்ட."

அது உண்மைதானே.

அக்கா கிடைத்த பஸ்ஸைப் பிடித்து விடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நேராக வார்டுக்குள் போய் அப்பாவின் காலைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு அளவைக் கூட்டி எழுதிய டாக்டர் வந்தார். வழக்கமாக நீங்கதானே போடறீங்க, எப்படிப் போடறீங்கன்னு காட்டுங்க, பாக்கலாம் என்று காலிப் பேனா ஒன்றைக் கொடுத்து, கட்டிலில் கிடந்த தலையணையைக் காட்டினார்.

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எதில் என்ன தப்பு கண்டுபிடிப்பீர்கள் என்பது போல, தலையணையில் குத்தினாள். டிக். உடனே எடுத்தாள். பஞ்சால் ஒரு ஒத்து. மூடியைப் போட்டாள். மூடி விழுகிற சத்தத்தோடு சத்தமாக உள்ளே எங்கேயோ இன்னொரு டிக் கேட்டது.

சின்னவள் வாயில் ஈ போனால்கூடத் தெரியாமல் நின்றாள்.

"எண்ணலையா?" என்றாள்.

"எதை?"

"பத்து எண்ணணும்க்கா. மருந்து இறங்க நேரம் ஆகும். புத்தகத்துல போட்டிருக்கே."

"புத்தகத்த யாரு பாத்தா? உன் வீடியோல எப்படிப் போட்டாங்களோ அப்படித்தான் நானும் போடறேன்."

வீடியோவில் சரியாக இருக்கும், நீதான் கவனிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே சின்னவள் போனை எடுத்து ஓட்டினாள். மெல்லிய இசை. சிரித்த முகத்தோடு ஒரு பெண். அளவைத் திருகுகிறாள், குத்துகிறாள், பொத்தானைத் தொடுகிறாள். டிக். கை வெளியே வருகிறது. நன்றி, நலமாக வாழுங்கள். அவ்வளவுதான். சின்னவள் திரும்ப ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். நடுவில் எண்ணுவது எங்கே? 'பத்து எண்ணுங்கள்' என்று அடியில் எழுத்து வருமே, அது எங்கே? டாக்டர் அவள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போ இத்தனை நாளா பாதி மருந்து பஞ்சுக்குத்தான் போயிருக்கு என்றார். நான் அளவைக் கூட்டிக் கூட்டி எழுதினது பஞ்சுக்கு. நேத்திக்குத்தான் முழுசா உடம்புக்குள்ள போயிருக்கு.

சின்னவளுக்கு அந்த எடிட்டிங் அறை ஞாபகம் வந்தது. வீடியோ ஒரு நிமிஷத்தைத் தாண்டிவிட்டது, தாண்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள், விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். எங்கே குறைப்பது என்று தேடினார்கள். எடிட்டர்தான் காட்டினார், இந்த இடத்துல ஒண்ணும் நடக்கல பாருங்க, கை அப்படியே நிக்குது என்று. உண்மைதான். ஒரு கை, ஒரு பேனா, கொஞ்சம் வயிறு. பார்க்க ஒன்றுமே இல்லை. அடியில்தான் எழுத்து வருகிறதே, கொஞ்சம் சுருக்கிக்கோங்க என்று சொன்னவள் இவள்தான். அந்தத் துண்டின் மேல்தான் எழுத்து ஒட்டியிருந்தது என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை. துண்டு போனபோது எழுத்தும் கூடவே போய்விட்டது. இரண்டாவது டிக் சத்தத்தை இசை முழுங்கிவிட்டது. வெட்டின இடம் தெரியாமல் எடிட்டர் அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தார்.

புத்தகம் என்றால் கணக்குப் பிரிவில் ஒருவரை உட்கார வைத்துச் சோதிக்கிறவள், வீடியோவுக்கு அதைச் செய்யவில்லை. பார்த்தாலே புரிகிற விஷயத்தில் சோதிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாள். முடித்த வீடியோவை அவள் பஸ்ஸில் நின்றபடி, சத்தமில்லாமல், போனில் பார்த்து 'சரி' என்று அனுப்பினாள். அவளுக்குத்தான் பத்து எண்ண வேண்டும் என்று தெரியுமே. இல்லாத எழுத்தையும் இருப்பதாகவே அவள் கண் பார்த்திருக்கிறது.

படுத்திருந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"அப்போ நான் திருடலன்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா ரெண்டு பேரும்" என்றார்.

அக்கா அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சின்னவள் வெளியே வந்து மேனேஜருக்குப் போன் போட்டாள். அலுவலகம் திறந்த நேரம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மேனேஜர் நல்ல மனுஷன்தான், பதறிப்போனார். வெட்டாத பழைய பிரதி எடிட்டரிடம் இருக்கிறது, இப்பவே மாத்திடச் சொல்றேன், அதே கட்டத்துலயே புதுசு ஓடும், யாருக்கும் வித்தியாசமே தெரியாது என்றார். அரை மணியில் மாற்றியும் விட்டார். 'முடிந்தது' என்று செய்தி வந்தது. தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது அவளுக்கு. அக்காவும் அவள் தோளைத் தொட்டு, போய் உட்காருடி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு என்றாள். கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று நாற்காலியில் சாய்ந்தவள் மதியம் தாண்டும்வரை அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டாள்.

அக்காதான் எழுப்பினாள். அப்பாவைச் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மருந்துச் சீட்டு இன்னும் எழுதவில்லை.

"நாளைக்கு நான் பத்து எண்ணிப் போட்டுடறேன்" என்றாள் அக்கா. "அளவு அதேதானே?"

"அதே அளவா? அய்யோ, இல்லக்கா. கூட்டின அளவ முழுசா இறக்கினதாலதானே நேத்து..."

சின்னவள் பாதியில் நின்றாள். அக்காவுக்காவது கேட்க ஆள் இருக்கிறது. அந்த வீடியோவைப் பார்த்து அரைகுறையாகப் போட்டுக்கொண்டிருக்கிற மற்றவர்கள்? அவர்களுக்கும் சர்க்கரை இறங்கியிருக்காது, அவர்களுடைய டாக்டர்களும் அளவைக் கூட்டியிருப்பார்கள். இன்று காலையிலிருந்து வீடியோ சரியாகச் சொல்லிக் கொடுக்கிறது. சரியாகப் போட்டால் அப்பாவுக்கு ஆனதுதான் அவர்களுக்கும் ஆகும். தப்பைவிட இந்தத் திருத்தம் மோசம். அதைச் செய்யச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மேனேஜருக்கு மறுபடி போன் போட்டாள். புது வீடியோவை உடனே தூக்கிடுங்க சார் என்றாள். அவருக்கு விளங்கவில்லை, இப்பதான் சரியா இருக்கே என்றார். அவள் விளக்கினாள். அவர் குரல் மாறிவிட்டது. தூக்கினால் ஏன் தூக்கினீர்கள் என்று கேள்வி வரும், எச்சரிக்கை போட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும், சட்டப் பிரிவைக் கேட்காமல் ஒரு வரி போட முடியாது, அவர்கள் திங்கட்கிழமைதான் வருவார்கள். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க, உங்க வேலைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன் என்று போனை வைத்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

வீடியோவுக்குக் கீழே பார்த்தவர்கள் எழுதுகிற இடம் ஒன்று உண்டு. சின்னவள் அதைத் திறந்தாள். மேலே புதிதாக ஒன்று இருந்தது. 'பத்து எண்ணணும்னு இப்பதான் தெரிஞ்சது. இத்தனை நாள் தப்பா போட்டிருக்கேன். இன்னிக்கு மதியம் அம்மாவுக்குச் சரியா போட்டாச்சு. ரொம்ப நன்றி.' எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைக்கிளியின் படம். அதே பச்சைக்கிளி சில வாரங்களுக்கு முன்னால் வேறொன்றும் எழுதியிருந்தது. ஊசி போட்ட இடம் ஈரமாகிறது, சரிதானா, தயவுசெய்து இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று. அதற்குக் கம்பெனியின் பதிலும் இருந்தது. ஒரு துளி கசிவது இயல்பு, மேலும் விவரங்களுக்குக் கையேட்டைப் பார்க்கவும். அந்தப் பதிலை எழுதியது சின்னவள்தான். நம்பருக்கு யாரும் கூப்பிடவில்லை.

அவள் இப்போது கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஓர் ஆண் குரல் எடுத்தது. இன்சுலின் பேனா கம்பெனியிலிருந்து பேசுகிறேன், அம்மா எங்கே என்று கேட்டாள்.

"அம்மா தூங்கறாங்க மேடம்."

"மதியத்துல தூங்கற பழக்கம் உண்டா?"

"இல்ல, இன்னிக்கு என்னமோ அசதியா இருக்குன்னு படுத்தாங்க. நல்லாத் தூங்கறாங்க. எழுந்ததும் பேசச் சொல்றேன்."

"எழுப்புங்க."

"பரவாயில்ல மேடம், தூங்கட்டும்..."

"இப்பவே எழுப்புங்க. போனை வைக்காதீங்க. போய் எழுப்புங்க."

போனை எங்கேயோ வைக்கிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். அம்மா, அம்மா என்று கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. முதலில் சாதாரணமாக, அப்புறம் வேகமாக, அப்புறம் கத்தலாக. சின்னவள் போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு வராந்தாச் சுவரில் சாய்ந்தாள். ஏதாவது ஒரு முனகலாவது கேட்டுவிடாதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா எதிரில் வந்து நின்று அவள் முகத்தையே பார்த்தாள்.

அவன் ஓடி வந்து போனை எடுத்தான். வேர்த்து ஊத்துது மேடம், கண்ணத் தொறக்கறாங்க, பேச்சு வரல என்றான். முழுங்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னாள். முடிகிறது என்றான். நிமிர்த்தி உட்கார வையுங்கள், சர்க்கரைத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக, தலை சாய்ந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்றைச் செய்து முடித்துவிட்டேன் என்று அவன் சொன்ன பிறகுதான் அடுத்ததைச் சொன்னாள். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. கடைசியில் ஒரு பெண் குரல், களைத்துப்போய், எரிச்சலாக, யாருடா போன்ல என்று கேட்டது.

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். "உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சது?"

யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க என்ற குரல் இன்னும் காதிலேயே இருந்தது.

"பழைய வீடியோல தப்பு. பத்து எண்ணற இடத்த வெட்டிட்டோம். நான்தான் வெட்டச் சொன்னேன். அதனால மருந்து பாதிதான் உள்ள போச்சு, டாக்டர் அளவைக் கூட்டினாரு. இப்ப முழுசா போனா தாங்காது. டாக்டரைப் பாத்து அளவை மாத்தாம நீங்க இனிமே போடக் கூடாது."

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை.

"மேடம்" என்றான். "எங்க சர்க்கரை குரூப்ல நெறைய பேரு இதே பேனாதான். புது வீடியோ நல்லா இருக்குன்னு மத்தியானமே எல்லாருக்கும் அனுப்பிட்டேனே."

சின்னவள் கண்ணை மூடித் திறந்தாள். அக்கா கையை நீட்டி அவளைத் தூக்கி நிறுத்தினாள்.

"நான் சொல்றத எழுதுங்க" என்றாள். "அப்படியே அதே குரூப்ல அனுப்புங்க. இன்னிக்குப் பத்து எண்ணி ஊசி போட்டிருந்தா இப்பவே சர்க்கரைய டெஸ்ட் பண்ணுங்க. தனியா இருக்காதீங்க, தூங்காதீங்க. வேர்வை, நடுக்கம், தடுமாற்றம் இருந்தா உடனே இனிப்பா ஏதாவது குடிங்க. ஊசி போட்டவங்க தூங்கிட்டிருந்தா எழுப்புங்க. எழும்பலன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. அடுத்த ஊசிக்கு முன்னால டாக்டர்கிட்ட பேசுங்க. எழுதிட்டீங்களா? திருப்பிப் படிங்க."

அவன் படித்தான். எந்த இடத்திலும் தயங்கவில்லை.

"யாரு சொன்னதுன்னு கேப்பாங்களே மேடம். கம்பெனி எதுவும் சொல்லலையேம்பாங்க."

சின்னவள் தன்னுடைய நம்பரைச் சொன்னாள். சந்தேகம் இருக்கிறவர்கள் இந்த நம்பருக்குக் கூப்பிடட்டும், வீடியோ எடுத்தவளே பேசுவாள் என்று போடச் சொன்னாள். மேனேஜர் அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும். பார்க்கட்டும்.

அவன் அனுப்பிவிட்டேன் என்றான். அவள் போனை வைத்தாள். வைத்த கையோடு அது அடிக்க ஆரம்பித்தது.